சார்பும் தனிவாழ்வும்

"தன் காலில் நிற்றல்" என்பது தமிழ்மக்கள் தனிவாழ்வைக் குறித்து வழங்கும் ஒரு தொடர். பிறர் கையை எதிர்நோக்காது, தன் உழைப்பின் ஊதியத்தால் உண்டு, தன் இல்லத்தைத் தானே நடத்துவானை இத்தொடராற் பாராட்டுவர். கால்கள் இயங்காத மகவு ஒன்று ஓர் இல்லத்திற் பிறக்குமாயின், அவ்வில்லத்தார் இத்தொடர்க்கு யாது பொருள் கொள்வர்? அம்மகவு தனிவாழ்வுக்கு உரியதன்று என்று முடிவு கட்டுவதோ? அன்றித் தனிவாழ்வு என்னுஞ் சொல்லின் பொருளையே மீண்டும் ஆராய்வதோ? சித்தாந்த நூல்களிற் பயின்றார்க்கு இவ்வினாப் புதிதன்று. ஆன்மா தனித்து நிற்குமோ, ஒன்றைச் சார்ந்தே நிற்குமோ என்பது அந்நூல்கள் எடுத்துக்கொண்ட பொருள்களுள் தலையாயது. அப்பொருளை நூலளவில் ஓதி, இல்லத்தளவில் மறந்துவிடுதலே பெரும்பான்மையும் நிகழ்வது.

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடையிட்டுத் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அமைந்துள்ளன. முன்னது ஆண்டாள் பிறந்த பதியென வைணவர் போற்றும் ஊர். பின்னது பஞ்சாலைகளாற் பெயர்பெற்ற ஊர். இவ்விரண்டு ஊர்களிலும் சிவபெருமானுக்குப் பழைய திருக்கோயில்கள் உண்டு. திருவில்லிபுத்தூரை அடுத்த மடவார்வளாகத்தில் எழுந்தருளியவர் வைத்தியநாத சுவாமி. இராசபாளையத்துப் பெத்தவநல்லூரில் எழுந்தருளியவர் மாயூரநாத சுவாமி. திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் வரலாற்றைச் சைவர் அனைவரும் அறிவர். அதனை ஒத்த வரலாறு இவ்விரண்டு தலங்களிலும் வழங்குகின்றது. மகப்பேற்று நோவால் வருந்திய ஒருத்திக்கு அவளைப் பெற்றவள் வந்து உதவ இயலாதபோது, பெற்றவள் வடிவில் இறைவனே வந்து அருகிருந்து பணிசெய்தான் என்பது அவ்வரலாறு. மலையடிவாரத்து இரண்டு ஊர்கள் இறைவனைத் தாயாகவே நினைவில் வைத்திருத்தல் கருதத்தக்கது. ஆயின் அதே ஊர்களின் தெருக்களில், உடற்குறையுடைய மகவை இடுப்பிற் சுமந்து செல்லும் தாயைக் கண்டவுடன், "இவள் என்ன பாவம் செய்தாளோ" என்று சொல்லும் வாய்களும் உண்டு. எவ்வூர்த் தெருவிலும் உண்டு. சொல்வார் பலர் நெற்றியில் திருநீறும் இருக்கும். ஆதலின் அச்சொல்லையே முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

வினை செய்தவனையே சாரும் என்பது சித்தாந்தத் துணிபு. ஒருவன் செய்த வினையின் பயனை மற்றொருவன் நுகர்வனேல், முறைமை என்பதொன்று உலகில் இல்லையாய் முடியும். தாய் செய்த தீவினைக்காக மகவின் கால்கள் முடங்கின என்பார் கன்மக் கொள்கையைக் கூறினாரல்லர், அதனை அழித்தவராவர். அற்றேல், மகவு தானே முற்பிறவியிற் செய்த வினை அதற்குக் காரணம் எனலாமன்றோ எனின், உடம்பு முதலியன வினைக்கீடாக அமைகின்றன என்பது உண்மையே. ஆயினும் அவ்வுண்மை எல்லா உடம்புகளுக்கும் ஒக்கும். ஓடியாடும் கால்களும் வினைக்கீடாக வந்தனவே. அக்கால்கள் எவ்வினையின் பயன், அவற்றைக்கொண்டு அவ்வுயிர் நோக்கிச் செல்வது நன்மையோ தீமையோ என்பதை எவர் அறிவார்? வினை அறிவற்றது, அதனை அறிந்து கூட்டுவான் இறைவன் ஒருவனே. அவன் கையிலுள்ள கணக்கேட்டைத் தெருவிற் செல்வார் படித்துவிட்டதாகப் பேசுதல் செருக்கேயன்றிச் சாத்திர அறிவு ஆகாது.

இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ நோயின் வரலாறு இவ்விடத்துப் பெரிதும் துணைசெய்யும். ஒரு காலத்தில் இந்நாட்டு ஊர்தோறும் அந்நோயாற் கால் சூம்பிய சிறார் இருந்தனர். அவர் ஒவ்வொருவரையுஞ் சுட்டி, "முன்வினை" என்று ஒரு சொல்லில் முடித்தோர் பலர். நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து வழங்கும் முறை 1995ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வங்காளத்து ஹௌரா மாவட்டத்தில் ஒரு பெண்மகவுக்கு நேர்ந்ததே இந்தியாவில் அந்நோயின் கடைசி நிகழ்ச்சி. 2014 மார்ச்சு 27இல் உலக சுகாதார நிறுவனம் இப்பகுதியை அந்நோய் நீங்கிய பகுதியெனச் சான்று அளித்தது. இனி வினாவுக. 2011க்குப் பின் இந்நாட்டிற் பிறந்த குழவிகள் யாவும் முற்பிறவியில் நல்வினையே ஆற்றியனவோ? அதற்கு முன் பிறந்தன யாவும் தீவினையே ஆற்றியனவோ? அங்ஙனம் கூறுவார் நகைப்புக்கு இடமாவர். வினைப்பயன் ஆதிதைவிகம், ஆதியான்மிகம், ஆதிபௌதிகம் என்னும் மூன்று வாயிலாக வந்து கூடும் என்று நூல்கள் வகுத்தன. வாயில்களுள் ஒன்றை மருந்தால் அடைத்தலும், அடைக்க முயலும் அறிவும், அம்முயற்சி கைகூடுதலும் அம்முறைமையின் உள்ளேயே அடங்கும். "அவன் வினையை அவன் நுகரட்டும்" என்று கைகட்டி நிற்பவன் பிறன் பிராரத்தத்தைப் பேசிக்கொண்டே தனக்கு ஆகாமியத்தைத் தேடிக்கொள்ளுகின்றான். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறி இல்லாமை எவர்க்கும் பழியாகாது என்றும், அறிய வேண்டுவன அறிந்து முயலாமையே பழி என்றும் கூறினார். பொறி என்னுஞ் சொற்குப் பரிமேலழகர் விதியென்று பொருள் உரைத்தார். உடலுறுப்பு என்று உரைப்பாரும் உளர். எவ்வுரை கொள்ளினும் அப்பழி அம்மகவையோ அதனைப் பெற்றாளையோ சாராமை காண்க.

இனி, உடம்பு எற்றுக்கு அமைந்தது என்பதை நோக்குதல் வேண்டும். ஆணவ இருளில் அறிவும் செயலும் இன்றிக் கிடந்த உயிர்க்கு, விடியும் வரையில் உதவும் விளக்காக மாயையின் காரியமாகிய தநு கரண புவன போகங்கள் கொடுக்கப்பட்டன என்பது உமாபதி சிவனாரின் கருத்து. விளக்கின் பயன் ஒளி. தகழி பொன்னாயினும் மண்ணாயினும், வாய் சிறிது உடைந்ததாயினும், எண்ணெய் நின்று சுடர் எரியுமேல் அது விளக்கேயாம். கால் நடவாத உடம்பும் உயிரின் இச்சா ஞானக் கிரியைகள் விளங்குதற்கு வாய்த்த கருவியே. கருவியிற் குறைந்த ஒன்றை வேறொரு கருவியால் நிரப்புதல் தகாததோ? மரத்தாலும் இரும்பாலும் செய்த ஊன்றுகோலும், காலைத் தாங்கும் காலிப்பரும், சக்கர நாற்காலியும் அவ்வாற்றான் உடம்பின் விரிவேயாகும். கண்ணாடி அணிந்து ஏடு படிக்கும் புலவர்களை எவரும் குறையுடையோர் என்று அழைப்பதில்லை!

பெரியபுராணம் ஓதுவார் அறிந்த இரண்டு நிகழ்ச்சிகளை இங்கு நினைவுகூர்தல் தகும். திருவொற்றியூரிற் கண்ணிழந்த சுந்தரமூர்த்தி நாயனார் திருவெண்பாக்கத்தை அடைந்தபோது இறைவன் அவர்க்குக் கண்ணை அளித்தானல்லன்; ஊன்றுகோல் ஒன்றை அளித்தான். ஒரு கண் காஞ்சியிலும் மற்றொரு கண் திருவாரூரிலும் பின்னரே கிடைத்தன. நடுவில் உள்ள நெடுவழியை அவர் கோலூன்றியே கடந்தார். தண்டியடிகள் பிறவியிலேயே கண் இலர். திருவாரூர்த் திருக்குளத்தைத் தாமே பெருக்க விரும்பி, குளத்தின் உள்ளே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவியே சென்று மண்ணை எடுத்துக் கொட்டினார். இகழ்ந்தோர் இகழ்ந்தனர். அவர்க்குப் பின்னர்க் கண் விளங்கிற்று என்பதையே பலரும் எடுத்துப் பேசுவர். கண் இல்லாத காலத்திலேயே அத்தொண்டு தொடங்கி நடைபெற்றது என்பது பேசப்படுவதில்லை. பார்வையுடைய ஒருவரை ஏவிக் குளத்தைத் தோண்டுவித்தல் அவர்க்கு எளிதாயிருந்திருக்கும். அதனை அவர் வேண்டிலர். கயிறு ஒன்றே வேண்டினார்.

அக்கயிற்றிலே தனிவாழ்வின் பொருள் அடங்கிக் கிடக்கின்றது. சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரம், ஐம்பொறிகள் உயிரின் துணையாற் பொருள்களை அறியுமாறுபோல உயிர் இறைவன் துணையால் அறிகின்றது என்று நிறுவுகின்றது. கண் தானே காணாது. ஒளி வேண்டும், உயிரின் உபகாரமும் வேண்டும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. முழுச் சுதந்திரம் இறைவனுக்கே உரியது. ஆகவே ஒன்றையுஞ் சாராமல் வாழ்தலே தனிவாழ்வு என்று கொண்டால், நடப்பவனும் தனிவாழ்வு உடையவனல்லன். உழவனையும் நெசவாளனையும் கிணறு வெட்டினவனையும் சாராமல் ஒருநாளும் அவன் உண்டு உடுத்தவனல்லன். நடக்கலாற்றாதான் சார்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரிகின்றது. நடப்பவன் சார்ந்து நிற்பது தெரிவதில்லை. வேற்றுமை அவ்வளவே. அங்ஙனமாயின் தனிவாழ்வு என்று ஒன்று இல்லையோ எனின், உண்டு. சார்பைத் தெரிந்து கொள்ளுதலும், சார்பைக்கொண்டு யாது செய்வது என்று துணிதலும் தன்னுடையனவாக இருத்தலே அது. உதவுகின்ற கை பிறனுடையதாயிருக்கலாம். எங்கே செல்வது என்னும் துணிவு தன்னுடையதாயிருத்தல் வேண்டும்.

அமெரிக்க நாட்டினர் பட்டறிவின் வழியே இம்முடிபுக்கு வந்தனர். எட் ராபர்ட்ஸ் என்பார் 1953ஆம் ஆண்டில், தமது 14ஆம் வயதில், போலியோவாற் கழுத்தின்கீழ் இயக்கமிழந்து, மூச்சுவிடுதற்கும் பொறியின் துணை வேண்டும் நிலையை அடைந்தார். பள்ளிப் படிப்பை முடித்தபோது, உடற்பயிற்சியும் மோட்டார் வண்டி ஓட்டும் பயிற்சியும் பெறவில்லை என்று காரணங் காட்டி அவர்க்குச் சான்றிதழ் தர மறுத்தனர். இதனினும் பெரிய நகைச்சுவை காண்டல் அரிது. அவருடைய தாயார் போராடி அதனைப் பெற்றுத்தந்தார். பின்னாளில் 1972இல் பெர்க்லி நகரில் உடற்குறையுடையோர் தம் வாழ்வைத் தாமே நடத்துதற்குரிய நிலையம் தோன்றியபோது அவர் அதனை முன்னின்று நடத்தினார். எல்லாப் பணியையும் தாமே செய்தல் அவர்கள் கூறிய தனிவாழ்வு அன்று. தம் வாழ்வைப் பற்றிய முடிவுகளைத் தாமே செய்தலே அவர்கள் கருத்து.

இராசபாளையத்திலிருந்து தெற்கே சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசியை நோக்கிச் செல்வார்க்கு ஆய்க்குடி அணித்தே உள்ளது. பாலசுப்பிரமணியர் கோயிலாற் பெயர்பெற்ற ஊர் அது. அவ்வூரினர் எஸ். இராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராயிருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரிகளைத் தெரிந்தெடுக்கும் தேர்விற் கீழே விழுந்து கழுத்தின்கீழ் செயலிழந்தார். ஐக்கிய நாடுகள் அவை 1981ஆம் ஆண்டை உடற்குறையுடையோர் ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டில் அவர், தமக்கு மருத்துவஞ் செய்த அமர்ஜித் சிங் சாகல் என்னும் வான்படை மருத்துவரின் பெயரால், அமர் சேவா சங்கத்தைத் தம் ஊரிலேயே தொடங்கினார். தசைச் சிதைவு நோயுடைய கணக்காய்வாளர் சங்கரராமன் அவரோடு சேர்ந்து அதனை வளர்த்தார். இராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. விருதினும் சிறந்தது வேறொன்று. அச்சங்கத்தின் பணியாளர் சிற்றூர்களில் வீடுவீடாகச் சென்று, குழவிப் பருவத்திலேயே உடற்குறையைக் கண்டறிந்து, பயிற்சிகளைத் தாய்மார்க்கே கற்பிக்கின்றனர். மகவைத் தாயினின்றும் பிரித்து ஒரு விடுதியில் வைத்துப் புரத்தல் பழைய வழக்கம். தாயின் கையையே மருத்துவக் கையாக ஆக்குதல் இம்முறை. உடற்குறையைக் காரணங்காட்டி மகவைப் பெற்றோரிடமிருந்து பிரித்தல் ஆகாதென்றும், மகவின் நலங் கருதி நீதிமன்றம் ஆணையிட்டாலன்றிப் பிரிக்கலாகாதென்றும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் விதித்துள்ளது.

இனித் தாயின் கடமையில் மிகவும் அரிதாகிய பகுதி. கணவனைச் சாராது தனித்து நின்று, பஞ்சாலையில் முறைவேலை செய்தோ, சத்திரப்பட்டித் தறிகளில் மருத்துவமனைகளுக்குரிய பாண்டேஜ் துணி நெய்தோ கூலி பெற்று, இத்தகைய மகவை வளர்க்கும் ஒரு தாயைக் கருதுக. உலகத்தார் புண்களுக்குக் கட்டுத்துணி நெய்யும் ஊர்ப்புறத்தில் அவள் மனப்புண்ணுக்குக் கட்டுவார் யாவர் என்பது வேறு வினா. காலைச் சங்கு ஊதுவதற்குள் மகவை நீராட்டி, உடுத்தி, உணவூட்டி, அண்டைவீட்டாரிடமோ பள்ளியிலோ சேர்த்தல் வேண்டும். கை வலியற்ற மகவு தானே உண்ணப் புகுந்தால் அரைமணி நேரம் ஆகும், பாதி சிந்தும். தாய் ஊட்டினால் ஐந்து நிமிடத்தில் முடியும். அன்பும் "ஊட்டிவிடு" என்கின்றது. அவசரமும் அதையே சொல்லுகின்றது. அவ்விரண்டும் நாள்தோறும் வெல்லுமாயின், பத்து ஆண்டு கழித்து அம்மகவு பசித்தது என்று சொல்லவும் தாயின் வாயை நோக்கும். அன்பு பாசமாகத் திரியும் இடம் இது. பாசம் என்னுஞ் சொல்லைத் தமிழ்மக்கள் அன்பு என்னும் பொருளிலும் கட்டு என்னும் பொருளிலும் வழங்குதல் வியக்கத்தக்க பொருத்தமாகும்.

இறைவன் உயிர்களுக்குச் செய்யும் உபகாரத்தின் இயல்பை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. அவன் காட்டுகின்றான்; காணுதற்கும் உதவுகின்றான்; காணுஞ் செயலை உயிரினின்றும் பறித்துக்கொள்வதில்லை. மாயையின் தத்துவங்களுள் கலை கிரியையையும், வித்தை அறிவையும், அராகம் இச்சையையும் சிறிது சிறிதாக எழுப்புவன. ஒருங்கே எழுப்புவன அல்ல. இவ்வைந்தொழிலில் மறைத்தல் என்பது ஒன்று. அருளாகிய இறைவன் மறைத்தலைச் செய்வானேன் என்று மாணவர் வினவுவர். அவன் வெளிப்பட்டு நிற்பின் உயிர் உலகை நுகராது, வினையை ஈட்டாது, தீர்க்காது, பக்குவம் எய்தாது. ஆதலின் உடனிருந்தும் தன்னை மறைத்துக்கொள்கின்றான். நடக்கலாற்றாத மகவை வளர்ப்பாள் கற்கவேண்டிய தொழில் இத்திரோதானமே. கை எட்டுந் தொலைவில் இருத்தல் வேண்டும். கையை நீட்டாதிருத்தலும் வேண்டும். சோறு சிந்துவதைப் பார்த்துக்கொண்டு வேறுபக்கம் நோக்கினாள்போல் இருத்தல் எளிதன்று. சட்டையின் பொத்தானைப் போடக் கையாகாவிடினும், இன்று எந்தச் சட்டை என்பதைச் சொல்ல மகவுக்கு வாய் உண்டு. அதனைக் கேட்டல் வேண்டும். பொத்தானை அவள் போடலாம். மருத்துவர், "இவன் என்ன சாப்பிடுகிறான்" என்று மகவின் தலைக்கு மேலாகத் தாயை வினவும்போது, "அவனையே கேளுங்கள் ஐயா" என்று அவள் விடைகூறுதல் ஒரு பெரிய உபதேசம்.

ஆயினும் மறைத்தற்கும் எல்லை உண்டு. முதுகெலும்புக் குறையால் கால்களில் உணர்ச்சியே இல்லாத மகவுக்குப் புண் தோன்றினால் நோவு தோன்றாது. நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்தால் இருக்கை அழுத்தும் இடத்தில் தோல் வெதும்பி ஆழ்ந்த புண்ணாகும். அதனைத் தானே அறியட்டும் என்று விடுதல் கொலைக்கு ஒப்பாகும். நாள்தோறும் தோலைப் பார்த்தல் தாயின் வேலை. மகவு வளர்ந்தபின், கைக்கண்ணாடியைப் பிடித்துத் தன் உடம்பைத் தானே பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்துதலும் அவள் வேலையே. அக்கண்ணாடியை மகவின் கையிற் கொடுக்கும் நாளை நூல்கள் குறிக்கவில்லை. அவள்தான் குறித்தல் வேண்டும். சிறிது முந்தினால் புண்; மிகப் பிந்தினால் அடிமை.

இத்தாய்மார் இரவிற் படுக்கையில் ஒருவர்க்குஞ் சொல்லாது தம்முள் வினவிக்கொள்ளும் வினா ஒன்று உண்டு: "எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?" இதற்கு "இறைவன் பார்ப்பான்" என்று விடைகூறி எழுந்து செல்லுதல் சைவர்க்கு எளிது. பெத்தவநல்லூர் வரலாறும் மடவார்வளாக வரலாறும் அவ்விடையையே தருவனபோலத் தோன்றும். நுனித்து நோக்குவார்க்கு அவை வேறும் ஒன்று கூறும். அங்கே இறைவன் விடைமேல் ஒளியாகத் தோன்றி நோவைத் தீர்த்தானல்லன். வெந்நீர் வைக்கவும், முதுகைத் தாங்கவும், குழவியை ஏந்தவும் வல்ல இரண்டு கைகளோடு, அண்டைவீட்டார் கண்டு ஐயுறாத மானுடப் பெண்ணாக வந்தான். அருள் வருங்கால் கைகளோடு வரும் என்பது அத்தலங்களின் பொருளாயின், அக்கைகள் எவருடையன என்னும் வினா அடியார் கூட்டத்தை நோக்கியே நிற்கின்றது. மூளை முடக்குவாதம் முதலியவற்றால் பதினெட்டு வயதுக்குப் பின்னரும் முடிவெடுக்க இயலாதார்க்குக் காப்பாளரை ஏற்படுத்த 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழியுண்டு. உடல் மட்டுமே குறையுடையார்க்கு அதுவும் வேண்டா. பதினெட்டு வயது நிரம்பினால் அவர் தமக்குத் தாமே தலைவர். அவர்க்கு வேண்டுவன கல்வியும், அமர்ந்து செய்யத்தக்க தொழிலும், வாடகைக்கு வீடு தர மறுக்காத வீட்டுக்காரரும், படியில்லாத ஒரு வாயிலுமே.

வாயில் என்றவுடன் திருக்கோயில் நினைவுக்கு வருகின்றது. நடந்து வரலாற்றாத முதியோரும் நோயாளரும் காணும்பொருட்டு இறைவனே வீதிக்கு எழுந்தருள்கின்றான் என்று திருவிழாவுக்குப் பெரியோர் கருத்துரைப்பர். விழாவல்லாத நாளில் அவர் உள்ளே வர விரும்பினால் பல கோயில்களிற் கோபுரவாயிலின் உயர்ந்த நிலைப்படி அவரைத் தடுக்கின்றது. ஒருவர் இருவர் தூக்கிச் செல்ல முன்வருவர்; அஃது அவர்தம் அன்பு. வளர்ந்த ஒருவனைப் பலர் காண மூட்டைபோலத் தூக்கும்போது அவன் அடையும் கூச்சத்தை அவ்வன்பர் அறிவதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மக்கள் பலரும் வழிபடச் செல்லும் கட்டிடங்களையும் பொதுக் கட்டிடங்களுள் அடக்கி, அவை எல்லார்க்கும் எட்டுவனவாதல் வேண்டும் என்கின்றது. கல்லைப் பெயர்த்தல் ஆகம விதிக்கு மாறாகுமே என்று அஞ்சுவார் உளரேல், ஒரு கல்லையும் தொடவேண்டா. படியின் உயரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளமுடைய சாய்வுப் பலகை ஒன்றை ஊர்த் தச்சரைக்கொண்டு செய்வித்து, காலையில் வாயிலின் இருபுறமும் சாய்த்து வைத்து, அர்த்தசாமம் முடிந்தபின் எடுத்துச் சுவரோரமாக நிறுத்திவிடலாம்.